பெரியப்பாவின் ஹோண்டா சி70: சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் நிற்கிறது

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஈசூனில் இருக்கும் தம்பி ஒருவருக்கு அவர் பெரியப்பாவின் 1979 ஹோண்டா சி70 கைக்கு வந்திருக்கிறது. செலிட்டார் ஹில்ஸ் வீட்டு முன்வாசலில் தார்ப்பாய் போர்த்தி ஏழு வருடம் நின்ற வண்டி. புதுப் பெட்ரோல் ஊற்றி, பிளக் மாற்றி, முப்பது கிக் அடித்ததில் உயிர் வந்துவிட்டது. ஆனால் சோக் போட்டிருந்தால்தான் ஓடுகிறது. சோக்கை எடுத்ததும் இருமி அணைகிறது. ஐடிலிங், அதாவது திராட்டிலைத் திருகாமல் சும்மா ஓடுவது, நிலைப்பதே இல்லை, திராட்டிலைத் திருகினால் திக்குகிறது. ஒரு பட்டறையில் ரிபோர் செய்ய வேண்டும் என்றார்களாம். இன்னொருவர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு ஜொகூரில் புதிது வாங்கிக்கொள் என்றாராம். எதைக் கேட்பது?

இரண்டையும் கேட்காதீர்கள் தம்பி. இன்றைக்கு வேண்டாம்.

ரிபோர் என்பது சிலிண்டர் தேய்ந்து, பிஸ்டன் ஓரமாக அழுத்தம் கசியும்போது, சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போடுவது. அந்த நிலையில் இருக்கும் எஞ்சின் ஏழு வருடம் தூங்கிவிட்டு முப்பது கிக்கில் எழுந்திருக்காது. சந்தேகமாக இருந்தால் சாவியை அணைத்துவிட்டு, பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் கட்டைவிரலை அழுத்திக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவரை கிக்கரை ஓங்கி மிதிக்கச் சொல்லுங்கள். பிடித்து வைக்க முடியாமல் விரலைத் தள்ளினால் ரிபோர் பேச்சை மறந்துவிடலாம். பிளக்கைத் திரும்பப் போடும்போது மட்டும் கவனம். அது 10 மில்லிமீட்டர் மரை, தலைப்பகுதி அலுமினியம். முதல் நாலைந்து சுற்று ஸ்பேனர் இல்லாமல் விரலால்தான் திருக வேண்டும். மரை போய்விட்டால் அதுவே தனிச் செலவு.

உங்கள் வண்டி தனக்கு என்ன நோய் என்று தானே சொல்லிக்கொண்டிருக்கிறது. சோக் போட்டால் காற்று குறைகிறது, பெட்ரோல் விகிதம் கூடுகிறது. அப்போதுதான் ஓடுகிறது என்றால், சோக் இல்லாத நேரத்தில் பெட்ரோல் போதவில்லை, அல்லது வரக்கூடாத வழியில் காற்று வருகிறது. இந்த இரண்டில் ஒன்றுதான். நின்றுபோன வண்டி என்பதால் முதலாவதற்கே என் ஓட்டு.

காரணம் எளிது. பெட்ரோல் ஒரே பொருள் இல்லை, பலவற்றின் கலவை. கார்புரேட்டரின் அடியில் இருக்கும் மிதவைக் கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோலில் லேசானவை முதலில் ஆவியாகிப் போகும். மிஞ்சுவது வார்னிஷ் மாதிரி ஒட்டிக்கொள்ளும். கார்புரேட்டரில் மெயின் ஜெட், ஸ்லோ ஜெட் என்று பெட்ரோலை அளந்து விடும் பித்தளைத் துளைகள் இரண்டு உண்டு. ஐடிலிங்குக்கும் திராட்டிலை இலேசாகத் திருகும்போதும் பெட்ரோல் தருவது ஸ்லோ ஜெட். அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இல்லை. மெயின் ஜெட்டின் துளை அதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. பிசின் படியும்போது எது முதலில் அடைபடும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அதனால் கார்புரேட்டரைக் கழற்றுங்கள். காற்றோட்டமான இடத்தில், அடுப்பு, ஊதுபத்தி எதுவும் பக்கத்தில் இல்லாமல். வீவக வீட்டு நடைபாதை இதற்கு ஏற்ற இடம் இல்லை, பெட்ரோல் வாசனைக்கே பக்கத்து வீட்டு ஆன்ட்டி கதவைத் தட்டுவார். கழற்றுவதற்கு முன் கைப்பேசியில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தைத் திறந்ததும் அடியில் பச்சையாகவோ பழுப்பாகவோ மாவு மாதிரி இருந்தால் நான் சொன்னது சரி. மிதவையைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே சளக்கென்று சத்தம் வந்தால் ஓட்டை, அதை மாற்ற வேண்டும்.

ஸ்லோ ஜெட்டை அளவான ஸ்குரூ டிரைவரால் கழற்றுங்கள். பித்தளை மென்மையானது. முனை சின்னதாக இருந்தால் வெட்டு வாய் சிதைந்துவிடும். சில கார்புரேட்டரில் அந்த ஜெட் கழன்றே வராது, அடித்துப் பொருத்தியிருப்பார்கள். அதோடு மல்லுக்கட்டாமல் இருக்கும் இடத்திலேயே சுத்தம் செய்யுங்கள். கழன்று வந்ததை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நல்ல ஜெட்டில் ஊசி முனை அளவுக்கு வட்டமான ஒளிப்புள்ளி தெரியும். உங்களுடையதில் ஒன்றுமே தெரியாது, அல்லது பிறை மாதிரி ஒரு கீற்று தெரியும். குத்தூசி, குண்டூசி எதையும் விடாதீர்கள். எஃகு பித்தளையைக் கிழித்துத் துளையைப் பெரிதாக்கிவிடும். பழைய மின்விசிறி வயரை உரித்தால் உள்ளே மயிரிழை மாதிரி செம்புக் கம்பிகள் இருக்கும். அதில் ஒன்றே ஒன்று போதும். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, அந்த இழையை மெல்ல உள்ளே விட்டு எடுத்து, காற்றடித்து, மறுபடி வெளிச்சத்தில் பாருங்கள். வட்டம் முழுசாகத் தெரியும் வரை விடக்கூடாது. நான் ஒருமுறை இதையே ஒரு சாயங்காலம் முழுக்கச் செய்திருக்கிறேன். என் மனைவி, கோயில் விளக்கைப் பார்ப்பதுபோல் என்னத்தைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டாள்.

ஜெட்டோடு வேலை முடியாது. ஐடிலிங்குக்குப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்குரூவைக் கழற்றும்முன் உள்ளே மெதுவாகத் திருகி எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதைக் கழற்றி அந்தத் துளையில் கிளீனர் அடியுங்கள். கார்புரேட்டரின் வாய்க்குள்ளே, ஸ்லைடு (திராட்டிலைத் திருகினால் மேலே ஏறும் அடைப்பு) உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில், கண்ணுக்குச் சட்டென்று படாத ஒரு பொடித் துளை இருக்கிறது. கிளீனர் அதிலிருந்து பீச்சிக்கொண்டு வர வேண்டும். வந்தால் வழி திறந்துவிட்டது. வராவிட்டால் ஜெட் எவ்வளவு பளபளத்தாலும் ஐடிலிங் நிலைக்காது. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். அடிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், எந்தத் துளையிலிருந்து முகத்தில் அடிக்கும் என்று தெரியாது. ரப்பர் வளையங்களை முன்பே கழற்றி வையுங்கள், கிளீனர் பட்டால் ஊதிவிடும்.

திரும்பப் பூட்டும்போது ஸ்லைடைப் பின்பக்கமாகப் போட்டுவிடாதீர்கள். சரிவாக வெட்டிய பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் கிக் அடித்ததும் வண்டி அலறும்.

ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறந்து பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் பழைய ஸ்பாஞ்ச் பொடிப்பொடியாக உதிர்ந்து, அத்தனையும் கார்புரேட்டருக்குள் போயிருக்கும். நான் திறந்த ஒரு வண்டியில் பல்லி இரண்டு முட்டை இட்டு வைத்திருந்தது, பட்டாணி அளவில் வெள்ளையாக. முட்டைக்கு இடம் மாற்றம் கொடுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடர்ந்தேன். சைலன்சர் வாயிலும் குளவி மண்கூடு கட்டியிருக்கலாம், ஒரு விரல் விட்டுப் பாருங்கள்.

இதெல்லாம் செய்தும் சோக்கை எடுத்ததும் அணைகிறதா? அப்போது இரண்டாவது சந்தேகத்துக்கு வருவோம், காற்றுக் கசிவு. கார்புரேட்டர் எஞ்சினோடு சேரும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். 45 வயது ரப்பர் வளையம் என்பது கறுப்பு பிளாஸ்டிக் மாதிரிதான், அழுத்தினால் அமுங்காது. அது சில வெள்ளிச் சாமான், யோசிக்காமல் மாற்றுங்கள். இன்னொன்று: யாராவது ஒரு காலத்தில் இரண்டு நட்டையும் வெறித்தனமாக இறுக்கியிருந்தால் கார்புரேட்டரின் அந்த முகம் வளைந்திருக்கும். கண்ணாடித் துண்டின் மேல் வைத்து ஆட்டிப் பார்த்தால் தெரியும். ஆடினால் அதே கண்ணாடியில் நைசான உப்புத்தாளை விரித்து, எட்டு போடுவதுபோல் தேய்த்துச் சமமாக்கலாம். கசிவைக் கண்டுபிடிக்க, சோக்கோடு ஓடும்போது அந்த இணைப்பில் செடிக்குத் தெளிக்கும் பாட்டிலால் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். எஞ்சின் சத்தம் மாறினால் அங்கே காற்று போகிறது. சிலர் பெட்ரோலையே தெளிப்பார்கள், அந்தப் பழக்கம் வேண்டாம்.

புதுக் கார்புரேட்டர் ஏன் வேண்டாம் என்கிறேன்? ஜொகூர் பாருவில் கப்சாய், அதாவது இந்த வகைச் சின்ன மோட்டார்சைக்கிள், சாமானுக்குப் பஞ்சமே இல்லை, உண்மை. ஆனால் மலிவு நகல்களில் ஜெட் அளவு எழுதியிருப்பது ஒன்று, இருப்பது ஒன்று. பெரியப்பா வண்டியில் இருப்பது வண்டியோடு பிறந்த கெய்ஹின் நிறுவனக் கார்புரேட்டர் என்றால் அதைச் சுத்தம் செய்து ஓட்டுவதுதான் லாபம். சுங்கை ரோடு பழைய சந்தை இருந்தவரை இந்த ஜெட்டுகளை டப்பாவில் கிளறி எடுக்கலாம். 2017 ஜூலையில் அதையும் மூடிவிட்டார்கள்.

இங்கே என் முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும். நான் கப்பல் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதை எழுதி வை என்பதுதான் அங்கே முதல் பாடம். சொந்த வண்டி என்று வந்ததும் பாடம் பறந்துவிட்டது. என் சி70-ஐ எழுப்பியபோது ஒரே சனிக்கிழமையில் தீப்பொறிச் சாமான்களான பிளக், பாயிண்ட், கண்டென்சர், காயில், அதோடு கார்புரேட்டர் எல்லாவற்றையும் புதிதாக மாட்டினேன். வண்டி அழகாக ஓடியது, பத்து நிமிடம். பிறகு பெட்ரோல் தீர்ந்ததுபோல் நின்றது. கால் மணி ஆறவிட்டால் கிளம்பும், மறுபடி பத்து நிமிடம். ஐந்து சாமானில் எது குற்றவாளி என்று எப்படிச் சொல்வது? இரண்டு மாதம் கார்புரேட்டரையே சந்தேகித்தேன். ஒரு நாள் சரியாகிவிட்டது என்ற நம்பிக்கையில் உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் ஏறிவிட்டேன். மத்தியான வெயில், முன்னும் பின்னும் மோட்டார்சைக்கிள், நடுவில் என் வண்டி நின்றது. ஒரு கிலோமீட்டர் நீளப் பாலத்தில் பாதியைத் தள்ளிக்கொண்டே கடந்தேன். கடைசியில் குற்றவாளி புதுக் கண்டென்சர். சூடேறினால் செத்துவிடும், ஆறினால் பிழைத்துக்கொள்ளும். நான் கழற்றிப் போட்ட 70-களின் கண்டென்சர் நன்றாகவே இருந்திருக்கிறது. அதைத் திரும்ப மாட்டினேன், இன்றுவரை அதுதான் ஓடுகிறது.

அதனால் ஒரு பழைய பள்ளி நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். என்ன தொட்டீர்கள், முன்னே எப்படி, பின்னே எப்படி.

நெருப்புப் பக்கத்துக்கு வருவோம். பாயிண்ட் என்பது திறந்து மூடி, தீப்பொறி வரும் நேரத்தைத் தீர்மானிக்கும் மின்தொடர்பு முனை. உங்கள் சி70-இல் அது, இடப்பக்க மூடிக்குள் எஞ்சினோடு சுழலும் ஃபிளைவீல் சக்கரத்தின் ஜன்னல் வழியாகத் தெரியும். ஏழு வருட ஈரத்தில் அதன் முகத்தில் சாம்பல் நிறப் பூச்சு படிந்திருக்கும். நைஸ் உப்புத்தாளால் இரண்டு இழுப்பு, பிறகு வெள்ளைக் காகிதத்தை இடையில் கொடுத்து, கறுப்பு வருவது நிற்கும் வரை இழுத்துத் துடையுங்கள். இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர். ஃபிளைவீலில் எஃப் என்று பொறித்த கோடு, எஞ்சின் உடம்பில் உள்ள கோட்டுக்கு நேராக வரும் அதே நொடியில் பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். விளக்கோ மீட்டரோ தேவையில்லை. மெல்லிய சிகரெட் தாளைப் பாயிண்டுக்கு நடுவே கவ்வவிட்டு, சக்கரத்தைக் கையால் இடஞ்சுழியாக மெதுவாகத் திருப்பிக்கொண்டே தாளை இலேசாக இழுத்துக்கொண்டிருங்கள். தாள் விடுபடும் இடம்தான் திறக்கும் இடம். எங்கள் பட்டறைப் பெரியவர் ஒருவர் இதைச் செய்வதற்காகவே, புகைக்காதவர், சிகரெட் தாள் வாங்கி வைத்திருப்பார்.

மின்கலம் செத்திருக்கிறதே என்று கவலைப்பட்டிருந்தீர்கள். இந்த வண்டியின் தீப்பொறி ஃபிளைவீல் சுழலும்போது காந்தத்தால் மின்சாரம் தரும் மேக்னட்டோவிலிருந்து வருகிறது, 6 வோல்ட் மின்கலத்திலிருந்து இல்லை. அது செத்தாலும் எஞ்சின் ஓடும். ஹார்னுக்கும் சிக்னலுக்கும்தான் மின்கலம் வேண்டும், அதைக் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம்.

வால்வு இடைவெளி 0.05 மில்லிமீட்டர், இரண்டுக்கும் அதேதான். எஞ்சின் ஜில்லென்று இருக்கும்போது, ஃபிளைவீலின் டி கோடு நேராக வந்து, வால்வுகளைத் தள்ளும் இரண்டு ராக்கரும் தளர்ந்திருக்கும் நிலையில் பார்க்க வேண்டும். வால்வு இறுகியிருந்தாலும் ஐடிலிங் தகராறு செய்யும், ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது அதை இல்லை.

பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில். மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். செம்மண் நிறமாக இருந்தால், சுத்தம் செய்த கார்புரேட்டர் ஒரு வாரத்தில் மறுபடி அடைக்கும். டேங்கைக் கழற்றி, வெள்ளை வினிகர் நிரப்பி ஒன்றிரண்டு நாள் ஊறவைத்து, உள்ளே ஒரு கைப்பிடி நட்டுகளைப் போட்டுக் குலுக்குங்கள். பிறகு சோடா உப்புக் கரைத்த தண்ணீரில் அலசி, ஹேர் டிரையரால் உடனே உலர்த்தி, கையோடு பெட்ரோல் ஊற்றிச் சுழற்றிவிடுங்கள். இந்த உடனே என்பது முக்கியம். நம் ஊரில் அலசி வைத்த இரும்பு காப்பி குடித்துவிட்டு வருவதற்குள் மறுபடி சிவந்துவிடும். டேங்கினுள் பூசும் பெயின்ட் மாதிரி மருந்துகள் எனக்குப் பிடிக்காது. உரிந்து வரும்போது துருவைவிட மோசம். ரப்பர் குழாயைக் கேள்வியே இல்லாமல் மாற்றுங்கள். வழியில் ஃபில்டர் வைப்பதானால் சின்னதாக வையுங்கள். டேங்க் கார்புரேட்டருக்குக் கொஞ்சம்தான் மேலே இருக்கிறது, காருக்குப் போடும் பெரிய ஃபில்டர் வழியாகப் பெட்ரோல் இறங்கப் பிரயாசைப்படும்.

டேங்க் மூடியில் காற்று போக ஒரு சிறு துளை உண்டு, அது அடைந்தாலும் வண்டி சில நிமிடம் ஓடி நிற்கும். நின்ற உடனே மூடியைத் திறங்கள். உஸ் என்று காற்று உள்ளே போனால் நோய் அதுதான்.

பெட்ரோல் 95 போதும். பழைய எஞ்சினுக்கு ஈயம் வேண்டும் என்று யாராவது பயமுறுத்தினால் சிரித்துவிட்டு நகருங்கள். சிங்கப்பூரில் ஈயப் பெட்ரோல் 1998-இலேயே நின்றுவிட்டது, கப்சாய்கள் அதன்பிறகும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. எஞ்சின் ஆயில் முக்கால் லிட்டர் அளவுதான் பிடிக்கும். சூடாக இருக்கும்போது வடித்து, இருநூறு கிலோமீட்டரில் மறுபடி மாற்றுங்கள். ஆயில் டப்பாவில் ஜாசோ எம்ஏ என்ற மோட்டார்சைக்கிள் ஆயில் தரக் குறி போட்டிருக்க வேண்டும். இந்த வண்டியின் கிளட்ச் அதே ஆயிலில்தான் ஊறுகிறது, கார் ஆயில் ஊற்றினால் வழுக்கலாம்.

இவ்வளவும் ஆனபிறகு ஐடிலிங். ஐந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். ஏர் ஸ்குரூவை மெதுவாக உள்ளே உட்கார வைத்து, ஒன்றேகால் சுற்று வெளியே எடுங்கள். அங்கிருந்து கால் சுற்று இப்படி, கால் சுற்று அப்படி. சத்தம் எங்கே உச்சமாகவும் சீராகவும் இருக்கிறதோ அங்கே விட்டுவிட்டு, ஐடிலிங் வேகத்துக்கென்று இருக்கும் மற்ற ஸ்குரூவால் வேகத்தைக் குறையுங்கள். நீங்கள் எழுதி வைத்த பழைய கணக்கு இதற்குப் பக்கத்தில்தான் இருக்கும். நாலு சுற்று வெளியே எடுத்தால்தான் ஐடிலிங் நிலைக்கிறது, அல்லது முழுக்க உள்ளே போனால்தான் நிலைக்கிறது என்றால், வேறெங்கோ குறை மிச்சம் இருக்கிறது. ஸ்குரூவால் அதை மூடி மறைக்காதீர்கள்.

ஓடுகிற சந்தோஷத்தில் நிறுத்துவதை மறந்துவிட வேண்டாம். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2313 என்றால் 2013-இன் 23-ஆவது வாரத்தில் செய்தது. மேலே வரிப்பூ எவ்வளவு இருந்தாலும் அந்த வயது டயரை மழையில் நம்ப மாட்டேன். இரண்டு சக்கரத்தின் பிரேக் டிரம்மையும் திறந்து, லைனிங் இரும்பிலிருந்து உரிந்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருக்கும் தூசை ஊதக்கூடாது, பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கும். ஈரத் துணியால் துடையுங்கள். செயின் மூடிக்குள்ளே மறைந்திருப்பதால் துருவும் மறைந்திருக்கும்.

காகித விஷயம் இரண்டு வார்த்தையில். வாகன உரிமைச் சான்றிதழ் உயிரோடு இருக்கிறது, சாலை வரிதான் பாக்கி என்றீர்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் இணையத்தளத்தில் அதை நீங்களே சரிபாருங்கள், பெரியப்பா சொன்னார் என்பது போதாது. சாலை வரியும் காப்புறுதியும் இல்லாமல் வீட்டைச் சுற்றி ஒரு ரவுண்டுகூட வேண்டாம். பரிசோதனை நிலையத்துக்கு லாரியில் அனுப்புங்கள். எஞ்சின் எண்ணும் வண்டிச் சட்டகத்தின் (சேசிஸ்) எண்ணும் பதிவில் இருப்பவை, அதனால் வேறு எஞ்சினைத் தூக்கி வைத்துத் தருகிறேன் என்பவரிடம் தலையாட்டாதீர்கள். இன்னொரு தேதி உண்டு. 2003 ஜூலை 1-க்கு முன் பதிவான மோட்டார்சைக்கிள்கள் 2028 ஜூன் 30-க்குப் பிறகு நம் சாலையில் ஓட முடியாது, கிளாசிக், விண்டேஜ் திட்டங்களில் சேர்ந்தவற்றுக்கு மட்டும் விலக்கு. கிளாசிக் திட்டத்துக்கு 35 வயது ஆக வேண்டும், உங்கள் வண்டி அதைத் தாண்டிவிட்டது. ஆனால் ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்டலாம். நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் இப்போதே கேட்டு வையுங்கள், கடைசி மாதத்தில் ஓடாதீர்கள்.

45 நாள் வண்டி என்றால் மற்ற நாளெல்லாம் நிற்கும், மறுபடி இதே வம்பு வரும். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, எஞ்சின் தானாக அணையும் வரை ஓடவிடுங்கள். கிண்ணத்தின் அடியில் ஒரு வடிகால் ஸ்குரூ இருக்கிறது. அதையும் திறந்து, மிச்சம் இருக்கும் ஒரு மடக்கைக் கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். அதில் துருத்தூள் தெரிந்தால் டேங்கை மறுபடி கழற்ற வேண்டியதுதான்.